ஆலை நின்ற பிறகும் பேரனுக்கு ஏன் மூச்சிரைக்கிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் மியர்பேங்கில் இருக்கிறோம். ஏழு வயதுப் பேரனுக்கு ஆஸ்துமா. மகளுக்கு இரவு ஷிஃப்ட், அதனால் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாரத்தில் நாலு நாளாவது நீல பம்ப் (இரைக்கும்போது இழுக்கும் இன்ஹேலர்) தேவைப்படுகிறது. பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள்தான் நின்றுவிட்டனவே, இன்னும் ஏன் இரைக்கிறது? டர்பனிலேயே வடக்கே இருக்கும் ஃபீனிக்ஸ் பக்கம் குடிபோனால் சரியாகுமா?

பதில்: அம்மா, முதலில் அந்த நாலு நாளைப் பார்ப்போம். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நீல பம்ப் வேண்டியிருந்தால் ஆஸ்துமா இன்னும் கட்டுக்குள் வரவில்லை. நீல பம்ப் சுருங்கிய மூச்சுக்குழாயைக் கொஞ்ச நேரம் விரித்துவிடும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது தினமும் போடும் ஸ்டீராய்டு பம்ப். அது பேரனிடம் இல்லையென்றால் இந்த வாரமே கிளினிக்கில் கேளுங்கள். அரசு கிளினிக்கில் காசு வாங்கமாட்டார்கள். ஸ்டீராய்டு என்றதும் பயந்து பாதியில் நிறுத்தும் குடும்பங்கள் நிறைய. பம்பில் போகும் அளவு மிகக் குறைவு. அதை நிறுத்தி, பிள்ளை இரவில் திணறுவதுதான் பெரிய ஆபத்து. போட்டதும் வாய் கொப்பளித்தால் போதும்.

பம்பை நேரே வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பங்கு தொண்டையிலேயே தங்கிவிடும். அதனால் ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குடுவை, கட்டாயம். கிடைக்காவிட்டால் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்துமாறு துளை போட்டு, சுற்றிலும் பசை வைத்து அடையுங்கள். பிள்ளை பாட்டிலின் வாய் வழியாக மூச்சை இழுக்கட்டும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் நாலைந்து மூச்சு. கேப்டவுன் குழந்தை மருத்துவர்கள் சோதித்து 1999-இல் வெளியிட்ட வழி இது. கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு இது குறைந்ததில்லை.

சரி, இனி காற்று. 2020 டிசம்பர் தீ விபத்துக்குப் பிறகு வென்ட்வர்த் ஆலை சுத்திகரிப்பை நிறுத்தியது; இன்னொரு பெரிய ஆலை 2022-இல் நின்றது. கந்தக டை ஆக்சைடு குறைய இது உதவும். ஆனால் துறைமுகத்துக்குப் போகும் டீசல் லாரிகளும் காகித ஆலையும் ரசாயனக் கிடங்குகளும் அங்கேதான் இருக்கின்றன. குளிர்காலக் காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து புகையை மேலே போகவிடாது. ஆலைகள் ஓடிய காலத்தில் மியர்பேங்க் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் ஆராய்ந்தபோது ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருந்தது. அதற்கு எந்தத் தாயையும் பாட்டியையும் குறை சொல்ல முடியாது. நிறவெறிக் காலத் திட்டமிடல்தான் நம் குடும்பங்களை ஆலைச் சுவரோரம் குடிவைத்தது.

வீட்டுக்குள் இருப்பது மட்டும் உங்கள் கையில். டர்பன் ஈரத்தில் சுவரில் பூஞ்சை படியும். துடைத்தெடுத்து, ஒழுகலை அடைத்து, மதியம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாரஃபின் அடுப்பும் கொசுவர்த்திச் சுருளும் அவன் தூங்கும் அறைக்கு வேண்டாம். புரட்டாசியில் விளக்கு ஏற்றுங்கள், சாம்பிராணியை மட்டும் வெளியே முற்றத்தில் போடுங்கள். சிகரெட்டை வீட்டுக்குள் யாருக்கும் அனுமதிக்காதீர்கள், மாமாவாக இருந்தாலும்.

குடிபோவதை இப்போதைக்கு நான் சொல்லமாட்டேன். ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தில் கரும்புத் தோட்டம் எரிக்கும் புகை உண்டு. பக்கத்து கார்னூபியாவில் 2021 ஜூலையில் ரசாயனக் கிடங்கே எரிந்தது. அதோடு வாடகையும் டாக்சி செலவும் ஏறி, நீங்கள் ஓரிடம் மகள் ஓரிடம் என்று ஆனால், இரவில் பம்ப் போட யார் இருப்பார்கள்? தினசரி பம்பை மூன்று மாதம் விடாமல் போட்டும் குறையவில்லை என்றால், அப்போது வீடு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரு நீல பம்பும் எப்படிப் போடுவது என்று எழுதிய தாளும் வகுப்பாசிரியரிடம் இருக்கட்டும். விலா உள்ளே இழுத்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்க வேண்டாம். நீல பம்பைப் போட்டுக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு 10177 அழையுங்கள், கைபேசியில் 112-உம் கிடைக்கும்.