சீன சினிமா, சீன வரலாறு: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: ராஜ் கபூரின் 'ஆவாரா' சீனாவில் பெரிய ஹிட்டாமே, உண்மையா?

உண்மைதான். 1955இல் பிருத்விராஜ் கபூர் தலைமையில் ஒரு குழு அங்கே போனது, அப்போது நடந்த இந்தியத் திரைப்பட வாரத்தில் சீன மொழியில் டப் செய்து காட்டினார்கள். ஆனால் 1970களின் கடைசியில் மறுபடி வெளியானபோதுதான் படம் ஜனங்கள் மனதில் இறங்கியது என்பேன். காரணம் கதையிலேயே இருக்கிறது. திருடன் பிள்ளை திருடன்தான் என்று அடித்துச் சொல்கிற ஒரு நீதிபதி, கடைசியில் அவர் பெற்ற பிள்ளையே கூண்டில் நிற்கிறான். மாவோ நடத்திய கலாசாரப் புரட்சியில் அப்பன் நிலச்சுவான்தாராக இருந்தான் என்பதற்காகவே பிள்ளைகளுக்குப் படிப்பு, வேலை எல்லாம் மறுத்தார்கள். அப்பன் வீரன் என்றால் பிள்ளையும் நல்லவன், அப்பன் எதிரி என்றால் பிள்ளையும் உருப்படாதவன் என்று 1966இல் செங்காவலர்கள் என்ற மாவோ ஆதரவு மாணவர் படையினர் கோஷமே போட்டார்கள். அதில் அடிபட்டவர்கள் தியேட்டரில் உட்கார்ந்து இந்தக் கதையைப் பார்த்தால் சும்மா இருக்குமா? பாட்டும் டான்ஸும் பிடித்துப்போனது என்று மட்டும் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சீன இயக்குநர் ஜியா ஜாங்கே 2000இல் எடுத்த 'பிளாட்ஃபார்ம்' படத்தில் சின்ன ஊர்த் தியேட்டரில் 'ஆவாரா' ஓடும் காட்சி வரும், பாருங்கள்.

கேள்வி: முதல் சீனப் படம் எது?

'திங்ஜுன் மலை', 1905, பெய்ஜிங். ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் தான் சின்பெய் என்ற ஓபரா நடிகரை வைத்து வெயில் வெளிச்சத்தில் எடுத்தது. ஊரே அவர் பாட்டுக்குக் கூடும், படமோ ஊமை! அவர் நடித்த கிழத் தளபதி ஹுவாங் சோங்கின் வாள்வீச்சைத்தான் நம்பினார்கள். பிரதி இன்று இல்லை.

கேள்வி: போதிதர்மர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர், ஷாவோலினில் குங்ஃபூ கற்றுக்கொடுத்தவர் என்கிறார்களே?

சினிமாவை விடுங்கள். 547 வாக்கில் எழுதிய சீன எழுத்தாளர் யாங் சுவான்ஷி அவரைப் பாரசீகத் துறவி என்கிறார். தான்லின் என்பவரின் பழைய குறிப்பு ஒன்று தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. இரண்டிலும் பல்லவர் பேச்சே இல்லை. குங்ஃபூவை அவர் தலையில் கட்டியது 17ஆம் நூற்றாண்டுப் புத்தகம், அதாவது ஆயிரம் வருஷம் கழித்து. ஷாவோலின் மடம் 495 வாக்கில் எழுந்ததே பாதுவோ என்ற இன்னொரு இந்தியத் துறவிக்காகத்தான். அவரை இங்கே யாரும் சீண்டுவதில்லை, பாவம்.

கேள்வி: எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?

ருவான் லிங்யூ நடித்த 'தேவதை', 1934. ஊமைப் படம், சப்டைட்டில் தொல்லையும் குறைவு. அப்புறம் 'மஞ்சள் மண்', 1984.

கேள்வி: கல்லூரியில் சீன-தமிழ் உறவு பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

அரச வம்சப் பட்டியலில் தொடங்கினால் பத்தே நிமிஷத்தில் பசங்க போனை எடுத்துவிடுவார்கள். இலங்கையின் காலி நகரில் கிடைத்த கல்வெட்டின் படத்தைத் திரையில் போடுங்கள். 1409 தேதியிட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கை மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1911இல் காலியில் மதகு மூடியாகக் குப்புறக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள், இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் நட்பு, நல்லிணக்கம் என்று இனிப்பாகவே முடித்துவிடாதீர்கள். அதே செங் ஹே கொஞ்ச நாளில் இலங்கை ஆட்சியாளர் அழகக்கோனாரோடு சண்டை போட்டு, ஆளையே பிடித்துக் கப்பலில் ஏற்றி 1411இல் சீனாவுக்குக் கொண்டுபோனார். அதையும் சொல்லுங்கள், கேள்விகள் அங்கேதான் வரும்.