கழிமுகப் பாதரச ஆய்வில் மகளைச் சேர்க்கலாமா?

எம்.எஸ்சி. வேதியியல் முடித்த மகள், ஆறு கடலில் கலக்கும் கழிமுக நீரில் பாதரசத்தைப் பற்றி பிஎச்.டி. செய்யப் போகிறாள், உடம்புக்கு ஆகுமா, பிறகு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடம்பைப் பற்றி முதலில். கழிமுக நீரில் பாதரசம் பெரும்பாலும் லிட்டருக்குச் சில நானோகிராம்தான் இருக்கும். அந்த நீர் கையில் பட்டால் ஒன்றும் ஆகாது. ஆபத்து இருப்பது ஆய்வக அலமாரியில். 1996-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் லேடெக்ஸ் கையுறை மீது டைமெத்தில் பாதரசம் என்ற கொடிய நச்சுத் திரவம் ஓரிரு சொட்டு விழுந்தது. கையுறையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது. 1997-ல் அவர் இறந்தார். மகளின் ஆய்வுக்கு அந்தப் பொருள் அநேகமாகத் தேவைப்படாது. தேவை என்று சொன்னால் ஏன் என்று கேட்கச் சொல்லுங்கள்.

உண்மையில், நீர் அவளைக் கெடுப்பதைவிட அவள் நீரைக் கெடுப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். சாதாரண பாலிஎத்திலீன் பாட்டிலில் எடுத்தால் ஆய்வகக் காற்றில் உள்ள பாதரச ஆவி சுவர் வழியாக ஊடுருவி அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் அமிலத்தில் கழுவிய டெஃப்லான் அல்லது கண்ணாடி பாட்டில், இரட்டைப் பை. படகில் இருவர் வேண்டும்: ஒருவர் பாட்டிலை மட்டும் தொடுவார், மற்ற எல்லா வேலையும் அடுத்தவருக்கு. மெத்தில் பாதரசத்தை (மீனில் சேரும் பாதரச வடிவம்) அளப்பதற்கான உப்பு நீர் சாம்பிளில் பழக்கதோஷத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றக் கூடாது. மிகுதியான குளோரைடு பிறகு காய்ச்சி வடித்தலில் தொல்லை தரும், அங்கே கந்தக அமிலம்தான். படிப்பில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை.

பாடமும் வேதியியலோடு நிற்காது. ஆற்று நீரில் பாதரசம் கரிமப் பொருளிலும் மென்வண்டலிலும் ஒட்டிக்கொண்டு வரும். உப்பு ஏற ஏற வண்டல் திரண்டு படியும், பாதரசமும் கூடவே அடியில் இறங்கும். ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். மீனில் சேர்வது அதுதான். கடல்நீர் கொண்டுவரும் சல்ஃபேட் பாக்டீரியாவுக்குத் தீனி. ஆனால் அவை வெளியிடும் சல்ஃபைடு மிஞ்சினால் பாதரசம் அதனுடன் பிணைந்துகொள்ள, மாற்றம் குறையும். ஆகவே பாதரசம் அதிகமுள்ள இடத்தில் மெத்தில் பாதரசமும் அதிகமாக இருக்கும் என்று நம்பி ஆய்வைத் திட்டமிட்டால் சறுக்கும். மகள் முதல் ஆண்டிலேயே நுண்ணுயிரியல் ஒரு தாளும் புள்ளியியலும் படித்துவிடட்டும்.

கள வேலையில் இன்னொன்று. சாம்பிளைத் தூரத்தை வைத்து எடுக்காமல், உப்புத்தன்மை 0 (ஆற்று நீர்) முதல் 35 (கடல்நீர்) வரை படிப்படியாக எடுக்க வேண்டும். கரைந்த பாதரசத்தை உப்புத்தன்மைக்கு எதிராக வரைந்தால், நேர்கோடு வந்தால் வெறும் கலப்பு. கோட்டுக்குக் கீழே போனால் வண்டலுக்கு இழப்பு. மேலே போனால் இடையில் எங்கோ வரவு. ஓதத்தை (கடல்நீர் ஏறி இறங்குவதை) பாராமல் அள்ளினால் இந்த வரைபடமே குழம்பிவிடும்.

வேலை என்று வந்தால், ‘பாதரச ஆய்வாளர்’ என்ற பெயரில் பதவிகள் சொற்பம், அதை மறைக்க முடியாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2017-ல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கையால் கண்காணிப்புத் தேவை நிலையாக இருக்கிறது என்றாலும், அதை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். நானோகிராமை மாசில்லாமல் அளக்கத் தெரிந்த கைக்கு ஈயமும் காட்மியமும் கஷ்டமே இல்லை. மீன் ஏற்றுமதிச் சோதனை, குடிநீர்ச் சோதனை, துறைமுகத் தூர்வாரல் ஆய்வு என்று கதவுகள் திறக்கும்.

எனவே வழிகாட்டியின் பெயரைவிட ஆய்வகத்தைப் பாருங்கள். பாதரசத்தை அளக்கும் அணு ஒளிர்வுக் கருவி அங்கேயே இருக்கிறதா, கடந்த சில மாதங்களின் பிளாங்க் (சாம்பிள் இல்லாத வெற்றுச் சோதனை) அளவுகளைக் காட்டுவார்களா, பாதரச அளவு முன்பே தெரிந்த, சான்றளித்த ஒப்பீட்டுப் பொருளை ஒவ்வொரு சாம்பிள் தொகுதியோடும் ஓட்டுகிறார்களா என்று மகள் கேட்கட்டும். சாம்பிளை வெளியே அனுப்பித்தான் அளக்கிறோம் என்றால் பட்டம் கிடைக்கும், கைத்திறன் வராது. வேறு ஆய்வகம் தேடலாம்.