நானோ தொழில்நுட்பத்தால் தீ விபத்தைத் தடுக்க முடியுமா?

முழுதாகத் தடுக்க முடியாது, ஆனால் தீ பரவும் வேகத்தைக் குறைக்க நிச்சயம் முடியும். "நானோ பூச்சு அடித்தால் தீயே பிடிக்காது" என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். கேபிள் உறைக்கான பிளாஸ்டிக் தயாரிக்கும் ஆலையின் சோதனைக்கூடத்தில் ஆறு வருடம் இருந்தேன், விதவிதமான கலவைகளை எரித்துப் பார்ப்பதுதான் என் வேலை, அதனால் எனக்குத் தெரிந்த அந்த ஒரு விஷயத்தை வைத்தே சொல்கிறேன்.

யூஎல்-94 என்று ஒரு சோதனை. 125 மில்லிமீட்டர் நீளப் பிளாஸ்டிக் பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழ்முனையில் 10 விநாடி பர்னரைக் காட்டுவோம். அதற்கு 300 மில்லிமீட்டர் கீழே கொஞ்சம் பஞ்சு இருக்கும். எதுவும் சேர்க்காத பாலிஎத்திலீன் மெழுகுவர்த்தி மாதிரி உருகும், எரிகிற சொட்டு ஒன்று விழும், பஞ்சு குப்பென்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பஞ்சு இருக்கும் இடத்தில் உங்கள் வீட்டுத் திரைச்சீலையையோ மெத்தையையோ நினைத்துப் பாருங்கள், மேலே ஓடும் ஒயரில் பிடித்த தீ கீழே எப்படி இறங்குகிறது என்பது புரியும்.

இதே பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு நானோ களிமண் சேர்த்தால் சொட்டுவது பெரிதும் குறையும். இந்தக் களிமண்ணின் ஒவ்வொரு ஏடும் சுமார் 1 நானோமீட்டர் தடிமன்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. மேற்பரப்பில் பிளாஸ்டிக் எரிந்து போகப் போக ஏடுகள் மட்டும் மிஞ்சி, கரியோடு சேர்ந்து கருப்பாக ஒரு பொருக்கு கட்டும். உள்ளிருந்து எரியக்கூடிய வாயு வெளியே வருவதும் வெளிச்சூடு உள்ளே போவதும் மெதுவாகும். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் ஆய்வகத்தில் 1990களில் நைலான்-6 இல் 5 சதவீதம் களிமண் சேர்த்து எரித்தபோது, வெப்பம் வெளியாகும் வேகத்தின் உச்சம் 63 சதவீதம் குறைந்தது. பக்கத்துப் பொருளுக்குத் தீ தாவுவதைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த உச்சம்தான்.

ஆனால் களிமண் மட்டும் சேர்த்த பட்டை அணையாது! மெதுவாக, சொட்டாமல், கடைசி வரை எரியும், சோதனையிலும் தோற்கும். மொத்த வெப்பம் பெரிதாகக் குறைவதில்லை, தப்பித்து வெளியே போக நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். அதனால் அலுமினியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்துத்தான் பயன்படுத்துவார்கள். அது 200 டிகிரிக்கு மேல் சூடானால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீராவியாக விட்டு தீயைக் குளிர்விக்கும். தனியாகப் போட்டால் 60 சதவீதத்துக்கு மேல் போட வேண்டும், ஒயர் விறைத்து, வளைத்தால் விரிசல் விடும். களிமண் வந்தபிறகு அந்த அளவைக் குறைக்கலாம். பெல்ஜியத்தின் யூப்பன் என்ற ஊரில் இப்படிக் கேபிளே செய்தார்கள்.

கஷ்டம் எல்லாம் கலப்பதில்தான். ஒரு தடவை எங்கள் கலவை சரசரவென்று எரிந்து போனது, அதே மூட்டை, அதே அளவு, ஒன்றும் புரியவில்லை. மீதிப் பட்டையை உடைத்து லென்ஸில் பார்த்தால் உள்ளே ரவை மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஏடுகள் பிரியாமல் கட்டி கட்டியாகவே இருந்திருக்கின்றன. அப்படி இருந்தால் அது நானோவே இல்லை, வெறும் மண்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் புகை. தீ விபத்தில் பலரைக் கொல்வது சுடரைவிடப் புகைதான், பிவிசி ஒயர் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வேறு வரும். பழைய புரோமின் தீத்தடுப்பான்கள் சில உடம்பில் தங்குகின்றன என்று 2009 இல், எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருட்களுக்கான உலக உடன்பாடான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். களிமண்ணில் அந்தப் பிரச்சினை இல்லை. கார்பன் நானோகுழாய்களும் நன்றாக வேலை செய்யும், ஆனால் அந்தத் தூளை மாஸ்க் இல்லாமல் தொடவே கூடாது.

சரி, வீட்டுக்கு என்ன வாங்குவது என்று கேட்டால், ஒயர் உறையில் ஐஎஸ் 17048 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஹாலஜன் (குளோரின், புரோமின் வகை) இல்லாத, தீ எளிதில் பரவாத கேபிளுக்கான இந்தியத் தரம் அது. உள்ளே நானோ இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டியதே இல்லை.