கடை மேசையிலிருந்து: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அக்கா, என் முதலாவது சிறுகதைத் தொகுதி அச்சகத்தில் இருக்கிறது. மண்டபம் எடுத்து, பிரதம விருந்தினரை அழைத்து வெளியீட்டு விழா வைக்க வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். எனக்கு உங்கள் புத்தகக் கடையில் மாதாமாதம் நடக்கிற வாசிப்பு மாதிரி ஒன்று போதும். ஊர் ஒரு மாதிரிக் கதைக்குமோ?
— வாசகி, உப்புவெளி

பதில்: கதைக்கும், பிள்ளை. "ஏன், மண்டபம் கிடைக்கேல்லையோ?" என்று என்னிடமே கேட்பார்கள்.

அப்பாவை நான் பிழை சொல்ல மாட்டேன். என் கடைத் தட்டில் இருக்கிற நம்மவர் புத்தகங்கள் பலவற்றின் அச்சுக்கூலியை அடைத்தது விழா மேடையில் வந்த கடித உறைகள்தான். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து உறையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிப் படத்துக்கு நிற்பார்கள். கலியாண வீட்டு மொய்தான், பெயர் மட்டும் வேறு. அப்பா கணக்குத் தெரிந்த மனுசர்.

ஆனால் நிகழ்ச்சி நிரலை ஒருக்கால் வாசித்துப் பாருங்கள். மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்றோ நாலோ, வெளியீட்டுரை, நயவுரை. எல்லாம் முடிந்து, நன்றியுரைக்குச் சற்று முன்னால், ஏற்புரை என்று உங்களுக்கு 5 நிமிடம். கிண்ணியாவிலிருந்து வருகிற ஆட்கள் 2009இல் பாலம் திறக்கும்வரை துறையடியில் பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்தவர்கள். பேச்சு நீண்டால் இன்றைக்கும் அவர்களின் கண் மணிக்கூட்டில்தான். நீங்கள் எழும்பும்போது பாதிக் கதிரை வெறுங்கதிரை. நான் போன ஒரு விழாவில் ஏழு பேர் பேசினார்கள், புத்தகத்திலிருந்து ஒரு வரியை ஒருவரும் வாசிக்கவில்லை. நயவுரைக்காரர் கதையில் வருகிற தாயை மாமியார் என்று சொல்லிக்கொண்டே போனார். எழுதியவர் மேடையில் இருந்து தலையாட்டிச் சிரித்தார், பாவம்.

கடையில் எழுதின ஆள்தான் முதலில் வாயைத் திறப்பார். அவ்வளவுதான் வித்தியாசம். கொப்பியும் கடந்தகால வினாத்தாளும் அடுக்கிய மேசையைச் சுவரோடு தள்ளினால் 22 கதிரை பிடிக்கும். எனக்குக் கேட்டால், அப்பாவுக்காக விழாவை வையுங்கள். ஒரு மாதம் விட்டு, புத்தகத்தை நாலு பேராவது வாசித்த பிறகு, உங்களுக்காக இங்கே வாருங்கள். விழா நாளில் ஒருவரும் புத்தகத்தை வாசித்திருக்க மாட்டார்கள், பிறகு எதைப் பற்றிக் கதைப்பது?

கேள்வி: வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். முழுக் கதையையும் வாசிக்கலாமா?
— மூதூர்த் தம்பி

பதில்: வேண்டாம் தம்பி. ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்க எனக்கு இரண்டரை நிமிடம் பிடிக்கிறது. 5 பக்கம் என்றால் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம், அதுதான் அளவு. அதற்கு மேல் சனம் கூரையைப் பார்க்கும். வைகாசி வெக்கையில் அதற்கும் முந்தியே பார்க்கும், ஏனென்றால் மைக்கில் இரைகிறது என்று வாசிப்பவருக்குப் பக்கத்து ஃபானை நான் நிறுத்திவிடுவேன்.

முன்னுரையை வாசிக்காதீர்கள். கதையின் முடிவையும் வாசிக்காதீர்கள், அதற்குத்தானே புத்தகம் விற்கிறோம். இரண்டு பேர் கதைத்துக்கொள்கிற ஓரிடத்தை எடுங்கள். அந்தப் பக்கங்களைப் பெரிய எழுத்தில் தனித்தாளில் அச்செடுத்து வாருங்கள். மேசை வெளிச்சத்தில் புத்தக எழுத்து காலை வாரிவிடும். வீட்டில் இரண்டு தரம் சத்தமாக வாசியுங்கள். எந்த வசனத்தில் மூச்சு முட்டுகிறதோ அந்த வசனம் எழுதும்போதே நீண்டுவிட்டது. இந்தப் புத்தகத்தில் இனித் திருத்த முடியாது, அடுத்ததில் பாருங்கள்.

முக்கியமாக, வானொலிச் செய்திக் குரல் வேண்டாம். உங்கள் பாத்திரம் மூதூர்க்காரன், நீங்களும் மூதூர். எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் பிறந்த ஊர் அது, அந்தக் கரையின் பேச்சுக்குக் கூச்சப்பட என்ன இருக்கிறது? போன வருடம் ஒரு கவிஞர் குரலை இறுக்கிப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று கடை வாசலுக்குள் தலையை நீட்டியது. எல்லாரும் சிரிக்க அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு வாசித்த மூன்று கவிதைகளும்தான் கவிதையாக இருந்தன. ஒவ்வொரு மாதமும் மானுக்கு நான் எங்கே போவது?

கேள்வி: சென்ற கூட்டத்தில் கேள்வி நேரத்தில் என்னை இடைமறித்தீர்கள். அது முறையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை

பதில்: ஐயா, மன்னிக்க வேண்டும். ஆனால் அடுத்த முறையும் இடைமறிப்பேன். 11 நிமிடம் பேசினீர்கள். சொன்னதெல்லாம் சரி. 1895இல் 'மோகனாங்கி' எழுதிய சரவணமுத்துப்பிள்ளை இந்த ஊர் மகன், அந்த நாவல் அச்சானது சென்னையில், இதெல்லாம் இங்கே பலருக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு முன்னால் இருந்தவர் வேறு புத்தகம் எழுதியவர். பதில் சொல்லத் தயாராக இருந்தார், நீங்கள்தான் கேள்விக்கு வரவே இல்லை. சரவணமுத்துப்பிள்ளையைப் பற்றிப் பேச உங்களுக்கென்றே ஒரு மாலை தருகிறேன், முசுப்பாத்தி இல்லை, நாள் சொல்லுங்கள். அன்றைக்கு இடைமறிக்க மாட்டேன்.

கேள்வி: கடையில் வாசிப்பு வைக்க வாடகை எவ்வளவு? ஐஎஸ்பிஎன் என்கிற சர்வதேச நூல் எண் இல்லாத புத்தகத்தை விற்க எடுப்பீர்களா?
— வாசகர், நிலாவெளி

பதில்: வாடகை இல்லை. விற்கிற பிரதியில் நூற்றுக்கு 25 எனக்கு, பிளேன்ரீயும் வடையும் என் செலவு. எண் இல்லாவிட்டாலும் எடுப்பேன். ஆனாலும் அச்சுக்குப் போகுமுன் கொழும்பில் தேசிய நூலகத்துக்கு விண்ணப்பித்து எடுத்துவிடுங்கள். பிறகு ஒட்டுத்தாள் ஒட்டித் திரிய வேண்டாம்.

கேள்வி: அன்ரி, நான் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறேன். புத்தகம் வாங்கக் காசில்லை. சும்மா வந்து இருந்து கேட்கலாமா?
— மாணவி

பதில்: வா, பிள்ளை. உண்டியலும் இல்லை, வாசலில் ஒருவரும் கேட்கவும் மாட்டார்கள். வாசிக்கிறவரின் புத்தகத்தில் ஒரு பிரதி மேசையில் விற்பனைக்கில்லாமல் கிடக்கும், 4 மணிக்கே வந்தால் கூட்டம் தொடங்குமுன் கொஞ்சம் வாசிக்கலாம். கேள்வி ஒன்று தோன்றினால் எழுதி வை. முதல் கேள்வி கேட்க ஆளில்லாமல் நான்தான் ஒவ்வொரு முறையும் முழிக்கிறேன். கொப்பி மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் மட்டும் இராதே, அதன் ஒரு கால் ஆடும்.