செமன் மீன் சுமந்துவாற நஞ்சு: கேட்டத கேட்டபடி, தெரிஞ்சத தெரிஞ்சபடி

"கடல்ல இருந்து ஏறுற மீனால ஆறு குளமெல்லாம் நஞ்சாகுதாம்" எண்டு ஒரு வொய்ஸ் மெசேஜ் ஆளாளுக்கு பறந்து கடைசியா எனக்கும் வந்திச்சு. விசயம் பொய் இல்ல, ஆனா அத எங்கட ஊரோட ஒட்டவெச்ச விதம் பிழை. மீனியல் படிச்சிட்டு கனடாவில கொஞ்சக்காலம் மீன் கொழுப்ப அரைச்சு சோதிக்கிற லேப்ல நிண்டவன் நான், இப்ப களுதாவளையில வெத்திலக்கொடியும் தோணியுமா இருக்கன். அந்த மெசேஜ கேட்டுட்டு ஆளாளுக்கு அனுப்பின கேள்விக்கு அந்த உரிமையில பதில் சொல்றன், கேளுங்க.

கல்லடியில இருந்து ஒரு தம்பி: அண்ணே, கடல்ல கலந்த நஞ்ச மீன் எப்படி தூக்கிட்டு ஆத்துக்கு வரும்? தோள்ல வெச்சா?

தோள்ல இல்ல தம்பி, கொழுப்பில. பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெயில கலந்த பிசிபி (PCB), அந்தக்காலத்துப் பூச்சிமருந்து டிடிரி (DDT), இதெல்லாம் தண்ணில கரையாது கொழுப்பில கரையும், உடம்புக்குள்ள போனா லேசில வெளியேயும் வராது. கடல் தண்ணில இருக்கிறது கண்ணுக்கே தெரியாத அளவு, அத நுண்ணுயிர் எடுக்கும், அத சின்ன இறால் மாதிரி சாமான் தின்னும், அத மீன் தின்னும், ஒவ்வொரு படியிலயும் செறிவு கூடும். இப்ப செமன் மீன, அதான் சால்மன் எண்டு சொல்ற மீன பாருங்க, ஆத்தில பிறந்து சின்னனாவே கடலுக்கு போயிரும், தன்ட எடையில நூத்துக்கு 95க்கு மேல கடல்லதான் போடும். பிறகு முட்டையிட வந்த ஆத்துக்கே திரும்பும். பசிபிக் செமன் ஆத்துக்குள்ள ஏறினா சாப்பிடுறதே இல்ல, கனடாவில ஃபிரேசர் ஆத்தில சில கூட்டம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல எதிர்நீச்சல் போடும், அதுக்கு எரிபொருள் கடல்ல சேத்த கொழுப்புத்தான். கொழுப்பு எரிஞ்சு தீந்திரும், அதுக்குள்ள கிடந்த நஞ்சு எரியாது. சட்டியில தண்ணி வத்தின பிறகு உப்பு மிஞ்சுற மாதிரி நினைங்க. மிஞ்சினதில ஒரு பங்கு முட்டைக்குள்ளயும் போயிரும். முட்டையிட்ட பிறகு செமன் செத்திரும், உடம்பு அங்கயே அழுகும், கடல்ல சேத்த சொத்து முழுக்க மலையடி ஏரிக்குள்ள இறங்கிரும்.

கல்முனை மீன் யாவாரி ஒராள்: ஒரு மீன்ல துளியோ அரத்துளியோ இருக்கும், அதுக்குப் போய் இவ்வளவு கதையா?

நீங்க யாவாரி, ஒரு மீன்ல அஞ்சு ரூபா லாபம் எண்டு வெச்சா கூட எத்தனை மீன் எண்டுதானே கணக்குப் பாப்பீங்க? அதேதான் இங்கயும். அலாஸ்காவில எட்டு ஏரியில அடி மண்ண எடுத்து ஒட்டாவா பல்கலைக்கழகத்து ஆக்கள் பாத்தாங்க, 2003ல நேச்சர் சஞ்சிகையில வந்திச்சு. பக்கத்தில ஃபக்டரி ஒண்டும் இல்லாத ஏரிகள். ஆனா எந்த ஏரிக்கு செமன் கூட வந்திச்சோ அந்த ஏரி மண்ணில பிசிபியும் கூட, செமனால வாற பிசிபி காத்தில வாறத விட ஏழு மடங்குக்கும் மேல ஏத்திவிடலாம் எண்டு கணக்கு. எனக்கு இதில பிடிச்ச விசயம் என்னண்டா அவங்க அடிச் சேறத் தோண்டிப் பாத்தாங்க. சேறு பொய் சொல்லாது, வருசம் வருசமா படிஞ்சு கணக்குப் புத்தகம் மாதிரி கிடக்கும்.

ஏறாவூர் டீச்சர்: அப்ப அந்த மீன் வராம விட்டா ஏரி சுத்தமாகிருமா?

இல்ல டீச்சர், இதுதான் மெசேஜ்ல விட்டுட்டுப்போன பாதி. அதே செமன் கடல்ல இருந்து நைதரசன், பொஸ்பரசும் கொண்டுவருது, அந்த ஏரி பாசியும் கரையில நிக்கிற மரமும் அதால வளருது, செமன்ட குஞ்சும் அதிலதான் வாழும். வயலுக்கு உரம் போட வந்த வண்டில கிருமிநாசினிப் போத்தல் உடைஞ்ச மாதிரி நிலமை, வண்டிய திருப்பி அனுப்பவும் ஏலாது. ஆனா அந்த உரத்தில வாழுற மத்த உயிருக்கு பங்கு போகுது எண்டது உண்மை. 1998ல வந்த ஒரு ஆய்வில அலாஸ்காவில செமன் ஏறுற ஏரியில வாழ்ற கிரேலிங் எண்ட மீன்ல, செமன் ஏறாத ஏரி கிரேலிங்க விட இரண்டு மடங்குக்கும் மேல நஞ்சு. அது கடலையே காணாத மீன்! செமன்ட முட்டையையும் செத்த உடம்பையும் தின்டுதான் இந்த கதி. கரடியும் அப்படித்தான், பிரிட்டிஷ் கொலம்பியாவில செமன் தின்னுற கிரிஸ்லி கரடிக்குள்ள இருந்த பிசிபில 90 வீதம் செமனால வந்தது எண்டு 2005ல கண்டாங்க.

அக்கரைப்பற்றில இருந்து: காக்கா, நம்மட கொடுவா, பாலை, விலாங்கும் கடலுக்கும் ஆத்துக்கும் போய் வருதுதானே? அப்ப நமக்கும் இந்த வருத்தம் இரிக்கா?

நல்ல கேள்வி, இதுக்குத்தான் காத்திருந்தன். நம்மட மீன் போற பாதை தலைகீழ். செமன் நல்ல தண்ணில பிறந்து கடல்ல பெருக்கும். விலாங்கு கடல்ல பிறந்து, கண்ணாடித் துண்டு மாதிரி விரல் நீளக் குஞ்சா ஆத்துக்குள்ள ஏறி, வருசக்கணக்கா நம்மட வாய்க்காலிலயும் குளத்திலயும் கொழுத்து, முட்டையிட கடலுக்கு இறங்கும், திரும்பி வராது. கொடுவாவும் வாயோரம் உப்புத்தண்ணில முட்டையிட்டு குஞ்சுதான் உள்ளுக்கு ஏறும். அப்ப உள்ளுக்கு வாறது சின்னக் குஞ்சு, அதுக்குள்ள கொண்டுவர சொத்தே இல்ல. வெளிய போறதுதான் கொழுத்த மீன். அதால கடல் நஞ்சு வாவிக்கு ஏறுறத விட வாவி நஞ்சு கடலுக்கு இறங்குறதுதான் நம்மட பக்கத்தில நடக்கக்கூடிய கதை.

ஐரோப்பாவில இது பகிடி இல்ல. ரைன், மாஸ் ஆத்து விலாங்குக்குள்ள டையொக்சின் எண்ட நஞ்சு கூடிப்போய் நெதர்லாந்து 2011 ஏப்ரல்ல அந்த ஆத்துப் பக்கம் விலாங்கு புடிக்கவே தடை போட்டிச்சு. விலாங்கு வருசக்கணக்கா அடி மண்ணோட கிடக்கிற மீன், மேல ஓடுற மீன விட அதுக்குத்தான் கூட சேரும்.

நம்மட மட்டக்களப்பு வாவி 56 கிலோமீட்டர் நீளம், அதுக்கு வடக்கால பாலமீன்மடுப் பக்கமும் தெற்கால கல்லாறுப் பக்கமும்தான் வாய், மாரியில வெள்ளம் ஏறி ஆத்துவாய் வெட்டினாத்தான் நல்லா திறக்கும், மத்த நாள் அடைச்சுக்கிட்டே கிடக்கும். தண்ணி வெளிய போகாம கிடக்கிற வாவியில வயல் வடிகாலும், பட்டணத்துச் சாக்கடையும், வள்ளக் கரையில ஊத்துற எஞ்சின் எண்ணெயும் எங்க போகும்? கடல் மீன்ட தலையில போடுறதுக்கு முன்னால இத யோசிங்க காக்கா.

உன்னிச்சைப் பக்கமிருந்து: யப்பான் மீன் சாப்பிடலாமா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

சாப்பிடுங்க. யப்பான் மீன் (திலாப்பியா) 1952ல நாட்டுக்குள்ள கொண்டுவந்து விட்டது, குளத்திலயே பிறந்து குளத்திலயே முடியும், பாசி தின்னும், கொழுப்பும் குறைவு. கடல் நஞ்சோட அதுக்கு சம்பந்தமே இல்ல.

அதே ஆள் திரும்ப: வயலுக்கு அடிக்கிற மருந்து?

எல்லா மருந்தும் ஒரே சாதி இல்ல. டிடிரி கொழுப்பில ஒட்டிக்கும், வருசம் வருசமா கிடக்கும், இலங்கையில 1976லயே நிப்பாட்டியாச்சு. எண்டோசல்பான் 1998ல. இப்ப அடிக்கிற கூடின களைக்கொல்லி தண்ணில கரையிறது, அது மீனுக்குள்ள ஏறி நாலு தலைமுறைக்கு சுமந்துபோற வகை இல்ல, ஆனா வயல் வட்டைத் தண்ணிய அப்பிடியே வாய்க்காலுக்கு திறந்தா மீன் செத்து மிதக்கவும் கூடும். இது வேற வருத்தம், வேற வைத்தியம்.

அம்பாறையில இருந்து ஒரு எஞ்சினியர்: இங்கினியாகல அணை மாதிரி கட்டு இருந்தா மீன் ஏறாது, அப்ப நஞ்சும் ஏறாது. சரியா?

செமன் விசயத்தில கொஞ்சம் சரி சேர். அமெரிக்காவில பெரிய ஏரிகளுக்கு பசிபிக் செமன 1966ல இருந்து கொண்டுவந்து விட்டாங்க. கடலுக்குப் பதிலா ஏரியில கொழுத்து அதே ஏரி நஞ்ச சுமந்து ஆத்துக்கு ஏறும். மிச்சிகன்ல அணைக்கு கீழ இருந்த மீன்ல பிசிபி கூட, மேல இருந்ததில குறைவு. அதால அணைய உடைக்கிறதா விடுறதா எண்டு அங்க ஒரு சண்டையே வந்திச்சு, உடைச்சா மீன் ஏறும், ஏறினா மேல கழுகும் மிங்க் எண்ட பிராணியும் நஞ்சு தின்னும். ஆனா அத வெச்சு நம்ம அணைக்கு நல்ல பேர் குடுக்காதீங்க, நமக்கு அணை மறிக்கிறது வெறுங்கையோட வாற விலாங்குக் குஞ்சத்தான்.

வாழைச்சேனை அக்கா ஒராள்: மகள் ஏழு மாசக் கர்ப்பம். சுறா வறை செய்து குடுக்க சொல்றாங்க. இந்த நஞ்சுக் கதையோட பயமா இருக்கு.

அக்கா, பயப்படுறது சரியான மீனுக்குத்தான். இங்க பிசிபிய விட பாதரசம்தான் பிரச்சினை, அது கொழுப்பில இல்ல தசையில ஒட்டும், அதால தோல உரிச்சாலும் பொரிச்சாலும் போகாது. பெரிய சுறா, வாள்மீன் மாதிரி மத்த மீன தின்னுற, நெடுங்காலம் வாழுற மீன்லதான் கூட. அமெரிக்காவில கர்ப்பிணிக்கும் பால் குடுக்கிற தாய்க்கும் சுறாவ தவிர்க்கச் சொல்றாங்க. எங்கட பழக்கம் நேர் எதிர் எண்டு தெரியும், என்ட அம்மாவும் வறைதான் தந்தா. சூடை, சாளை, இறால் எல்லாம் சின்ன ஆயுள், அத நல்லா குடுங்க, கிளினிக்ல மிட்வைஃப் அக்காவிட்டயும் ஒருக்கா கேளுங்க.

காத்தான்குடி தம்பி: பறவையும் இப்படி சுமக்குமா?

சுமக்கும். கனடாவில ஆர்ட்டிக் பக்கம் ஃபுல்மார் எண்ட கடல்பறவை கூடு கட்டுற மலையடிக் குட்டையில, பறவை இல்லாத குட்டைய விட 10 தொடக்கம் 60 மடங்கு வரை கூட நஞ்சு கண்டாங்க, எல்லாம் எச்சத்தால. எங்கட நீர்க்காகத்த அடிக்க ஓடிராதீங்க.

ஒரு கேள்வி மட்டும்: நாங்க சின்னனில திண்ட செமன் ரின் இந்த மீன்தானா?

பேர்தான் செமன், உள்ள கிடந்தது கூடுதலா மக்கரல். இவ்வளவு நேரம் நான் சொன்ன மீன நம்மட கடைத்தெருவில கூடினவங்க கண்ணால கண்டதே இல்ல.