பாதிரியாரும் கல்யாணமான போலீஸ் தலைவரும் நெருங்கிப் பழகுகிற மர்ம நாவலைக் கிறிஸ்தவர்கள் படிக்கலாமா?

நீங்கள் கேட்பது ஜூலியா ஸ்பென்சர்-ஃபிளெமிங்கின் 'இன் தி ப்ளீக் மிட்வின்டர்' (2002) பற்றித்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் யாரோ பின்னட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்திருப்பார்கள், அதானே? தாராளமாகப் படியுங்கள்.

எனக்கும் நடந்தது. போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மதினி என்ன கதை என்று கேட்டார். பெண் குருவானவரை எப்படிச் சொல்வது என்று சட்டென்று வராமல், "ஒரு ஐயரம்மாவும் போலீஸ்காரரும்" என்று சொல்லித் தொலைத்தேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஐயர் என்றால் குருவானவர், ஐயரம்மா என்றால் அவருடைய மனைவி. மதினி அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு, "அப்போ அந்த ஐயர் எங்க போனாராம்?" என்றார். அதற்கப்புறம் நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை.

அந்த அம்மாதான் ஐயரே! கிளேர் ஃபெர்கூசன் என்று பெயர், ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். அவர் இருக்கும் அமெரிக்க எபிஸ்கோபல் சபை பெண்களுக்குக் குருப்பட்டம் தர 1976-லேயே ஒத்துக்கொண்டுவிட்டது, நம் சிஎஸ்ஐ-யிலும்தான் பெண் குருமார் இருக்கிறார்கள். அங்கே குருமார் கல்யாணமும் செய்துகொள்ளலாம் என்பதால் கிளேருக்கு ஒரு தடையும் கிடையாது, போலீஸ் தலைவர் ரஸ்ஸுக்குத்தான் வீட்டில் மனைவி லிண்டா இருக்கிறார். ஆலயப் படியில் யாரோ ஒரு பச்சைக் குழந்தையை விட்டுப்போக, அதிலிருந்து கொலைக்கேஸ் கிளம்புகிறது. வட நியூயார்க் பனிக்குக் கொஞ்சமும் ஒத்துவராத காரையும் ஷூவையும் வைத்துக்கொண்டு கிளேர் துப்புத் துலக்கப் போவதும், ரஸ் அதற்காகக் கத்துவதும்தான் இதில் வரும் 'காதல்'. இதற்குப் போய் முகம் சுளிப்பதா?

கள்ள உறவுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று யாரும் கமெண்டில் வந்துவிட வேண்டாம். நான் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, எனக்கும் லிண்டாவை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அவரை அதிகம் பேசவே விடவில்லை என்பதுதான் இந்தப் புத்தகத்தின் மேல் எனக்குள்ள ஒரே குறை.

மதினியா? அன்று ராத்திரியே "சும்மா பார்க்கேன்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார். இன்னும் திரும்பி வரவில்லை, கேட்டால் "பிள்ளை யாருதுன்னு தெரியட்டும்" என்கிறார். என் பணியாரச் சட்டியும் மூன்று வருஷமாக அவரிடம்தான் இருக்கிறது.