4294967297: வாசகர் கேள்விகள்

கேள்வி: இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு புகழ்?

2³² + 1 என்பதே இது. 2-இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். வரிசை முழுவதும் இப்படியே போகும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். அடுத்ததாக வரும் நம் எண்ணை 1732இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

கேள்வி: 641ஆல் வகுபடும் என்பதைப் பெரிய வகுத்தல் போடாமல் காட்ட முடியுமா?

முடியும். எண் கணிதத்தில் நான் மிகவும் நேசிக்கும் நிரூபணங்களில் இது ஒன்று. 641ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: 5 × 2⁷ + 1, 5⁴ + 2⁴. முதலாவதன்படி, 641ஆல் வகுக்கையில் 5 × 2⁷ தரும் மீதி −1 (அதாவது, 641-இன் மடங்குக்கு ஒன்று குறைவு). அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴ இருக்குமிடத்தில் −2⁴ வைக்கலாம். ஆகவே −2³²-இன் மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. தாளில் ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள்.

தேடுவதும் கடினமில்லை. இதன் பகாக் காரணி எதையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை.

கேள்வி: இதற்கு மொத்தம் எத்தனை வகுத்திகள்?

நான்கு. 641, 6700417 இரண்டும் பகா எண்கள். அவற்றோடு 1, எண் தானே.

கேள்வி: 2ஐ அடியாக வைத்து ஃபெர்மாவின் சிறு தேற்றச் சோதனையைக் கணினியில் செய்தேன். பகா எண்ணைப் போலவே தேறியது. நிரலில் பிழையா?

நிரல் சரியானதே. அந்தச் சோதனை இது: n பகா எண் என்றால், n-இன் மடங்கல்லாத எந்த அடியையும் (n − 1)ஆம் அடுக்குக்கு உயர்த்தி nஆல் வகுத்தால் மீதி 1 வரும். நம் எண்ணால் வகுக்கையில் 2³²-இன் மீதி −1 என்பதால் 2⁶⁴-இன் மீதி 1. சோதனையில் வரும் அடுக்கு 2³². அது 64-இன் மடங்கு. எனவே 1 வந்தே தீரும். 3ஐ அடியாக வையுங்கள், மீதி 1 வராது. ஃபெர்மா தம்முடைய தேற்றத்தையே 3ஐக் கொண்டு பொருத்திப் பார்த்திருந்தால் உண்மை அவருக்கே தெரிந்திருக்கும். எண்ணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

இரண்டு வழிகளில்: 65536² + 1², 62264² + 20449². பகா எண்ணை இப்படி எழுத ஒரு வழிக்கு மேல் இருக்காது. ஆகவே இந்த இரண்டாவது வழி ஒன்றே இது பகு எண் என்பதற்குப் போதிய சான்று. 20449 என்பதும் 143-இன் வர்க்கம்!

கேள்வி: இதற்கு அடுத்த எண்களில் பகா எண் உண்டா?

இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. 2-இன் அடுக்கு 2³² வரை உள்ள எல்லாம் பகு எண்களே. அடுக்கு 2³³ ஆக வரும் எண்ணின் நிலை இன்னும் தீர்மானமாகவில்லை.